மலைமேல பத்து சென்ட் வாங்கப்போற மாப்ளைக்கு

மாப்ளே, கொடைக்கானல் ரோட்டுல பெருமாள்மலைக்கு அங்கிட்டு பத்து சென்ட் பாத்து வச்சிருக்கியாம்ல? அக்கா சொன்னா. வாசல்ல நின்னா வைகை அணை தெரியுமாம், ராத்திரியில பெரியகுளத்து விளக்கெல்லாம் மினுக்குமாம். புரோக்கர் சொல்லச் சொல்ல நீ வாயப் பொளந்துக்கிட்டு நின்னியாம். நாகல்நகர்ல பொறந்து, திண்டுக்கல் வெயில்ல காஞ்சு வளந்த பயலுக்கு மூஞ்சியில நாலு சொட்டு மஞ்சு விழுந்தா அப்படித்தான் இருக்கும். உன்னக் குத்தம் சொல்லல.

ஆனா ஒண்ணு. நீ பொறந்ததுலருந்து பாத்த மலை நம்ம கோட்டை மலை. 1755-ல ஹைதர் அலி வந்து உக்காந்தப்ப எங்க இருந்துச்சோ, அங்கயேதான் இன்னைக்கும் இருக்கு. ஒத்தப் பாறை. மேல மண்ணும் இல்ல, மரமும் இல்ல. அங்க இருந்து எறங்கி வர்றதுக்கு வெக்கையத் தவிர வேற ஒண்ணும் கெடையாது. அதப் பாத்துட்டு, மலைன்னா எல்லாம் வச்ச எடத்துல இருக்கும்னு நெனச்சுக்கிட்ட. கொடைக்கானல் மலை வேற ரகம். உள்ள இருக்கிறது சார்னோக்கைட்டு. கல்கத்தாவ உண்டாக்குனதாச் சொல்ற ஜாப் சார்னாக்குங்கிற வெள்ளைக்காரனோட சமாதிக்கல்லப் பாத்துத்தான் அந்தப் பேர வச்சாக. அந்தக் கல்லு போனது நம்ம பல்லாவரத்துப் பக்கமிருந்து. கெட்டியான கல்லுதான், சந்தேகமில்ல. ஆனா காலங்காலமா மழை குடிச்சுக் குடிச்சு மேல்பக்கம் மக்கிச் செம்மண்ணாப் போச்சு. மக்குன மண்ணுக்கும் மக்காத பாறைக்கும் நடுவுல ஒரு எல்லை இருக்கு பாரு, மழைத்தண்ணி எறங்கி அங்கதான் போயி நிக்கும். ஈரத் தட்டுல கவுத்து வச்ச டம்ளரு ஒருத்தரும் தொடாமலே நகந்து போறதப் பாத்திருக்கியா? நீ கட்டப்போற காட்டேஜு அந்த டம்ளரு மேல.

உனக்கெப்படி மாமா இதெல்லாம் தெரியும்ப. மண்ணு பாக்க வந்த ஆபீசருகளுக்கு ஜீப்பு ஓட்டுனவன்டா நானு. அவுக மேப்பைப் பாப்பாக, நான் ரோட்டைப் பாப்பேன். மழையில ரோடு அடைச்சுக்கிச்சுன்னா ரெண்டு பேரும் டீக்கடையில உக்காந்து மலையப் பாப்போம். அவுக சொன்னதுல பாதி இங்கிலீசு, அது போயிருச்சு. மீதிய உனக்குச் சொல்றேன். கேக்குறதும் கேக்காததும் உன் இஷ்டம். எங்க அக்கா பெத்த பிள்ளையாச்சேன்னு சொல்லி வைக்கிறேன்.

உன் எடம் நல்லா மட்டமா இருக்குன்னு புரோக்கரு பெருமையாச் சொன்னாராம். ஏன்டா, நிக்க எடமில்லாத செங்குத்துல அந்த மட்டம் மட்டும் எங்கருந்து வந்துச்சுன்னு ஒரு வார்த்த கேட்டியா? அங்க நின்னு கீழ வைகை அணையப் பாத்தது போதும், ஒருதரம் திரும்பி மேல பாரு. குதிரை லாட வடிவத்துல ஒரு குடைவு தெரியுதா? தெரிஞ்சா, அந்தக் குடைவுல என்னைக்கோ இருந்த மண்ணுதான் நீ கிரயம் பேசுற மட்டம். பக்கத்துல ரோட்டுக்கு வெட்டுன கரை இருக்கும், அங்கயும் போயி பாரு. தானா அங்கயே மக்குன மண்ணுன்னா கீழ போகப் போகக் கல்லு கெட்டிப்படும், ஒரு வரிசை இருக்கும். அப்படியில்லாம கூரு மழுங்காத கல்லு பெருசும் சிறுசுமா, தலைகீழாவும் குறுக்காவும் மண்ணோட பெசஞ்சு கெடந்தா அது அந்த ஊரு மண்ணு இல்ல, வந்தேறி. வரத் தெரிஞ்சதுக்குப் போகவும் தெரியும். காட்டையும் ஒரு பார்வை பாரு. ரெண்டு பக்கமும் கெழட்டு மரமா நிக்க, நடுவுல ஒரு பட்டை மட்டும் ஒரே வயசுல எளசா இருந்தா, பழைய காடு அந்த வழியாத்தான் கீழ எறங்கிப் போயிருக்கு.

பழைய சரிவு எங்கன்னு கண்டுபிடிச்சு ஏட்டுல ஏத்துறதுதான் மண்ணு பாக்குற தொழில்ல மொத வேலை. ஒருதரம் சரிஞ்ச எடந்தான் மறுபடி சரியும்கிறது பெரும்பாலும் தப்புறதில்ல. வயநாட்டப் பாரு. 2024 ஜூலை 30, விடியாத நேரம். முண்டக்கை, சூரல்மலை. 250 பேருக்கு மேல போயிட்டாக. சேட்டிலைட் படத்தப் பாத்து இஸ்ரோக்காரங்க கணக்குச் சொன்னாக: 1,550 மீட்டர் ஒசரத்துல 86,000 சதுர மீட்டர் நெலம் பிச்சுக்கிட்டு, 8 கிலோமீட்டர் தூரம் ஓடியிருக்கு. அதே எடத்துல பழைய சரிவு ஒண்ணு இருந்தது அவுக கணக்குல முன்னமே ஏறியிருந்துச்சு. 1984-லயே முண்டக்கையில மண்ணு சரிஞ்சு ஆளு செத்திருக்கு. 2019-ல பக்கத்துப் புத்துமலை. இவ்வளவும் எழுத்துல இருந்துச்சு மாப்ளே. 1998-லருந்து 2022 வரைக்கும் நாட்டுல நடந்த ஏறக்குறைய 80,000 சரிவுகளச் சேத்து 2023-ல ஒரு அட்லஸே போட்டுட்டாக. வில்லங்கம் பாக்க சார்பதிவாளர் ஆபீசுல முப்பது வருசத்துக்கு ஈ.சி. போடுவியே, அந்த மலைக்கு யாராச்சும் ஈ.சி. போட்டமா?

இன்னொண்ணு, உன் வேலிக்குள்ள மட்டும் பாத்துட்டு வந்துராத. 2020 ஆகஸ்ட் 6, மூணாறு பக்கம் பெட்டிமுடி. தேயிலைத் தோட்டத்து லயத்துல படுத்திருந்த 70 பேரு. அம்புட்டும் நம்ம சனம், நெறையப் பேரு கயத்தாறு பக்கத்துக்காரங்க. அவுக லயம் கட்டியிருந்த எடம் சரியல. மேல, கண்ணுக்கே எட்டாத காட்டுல பிச்சுக்கிட்டு, ஓடைத் தடத்தப் புடிச்சு வந்து அடிச்சிருச்சு. உன் எடம் கல்லா இருந்தா மட்டும் போதாது, உனக்கு மேல யாரு இருக்காருன்னு பாக்கணும். வீட்டுக்குப் பக்கத்துல சலசலன்னு ஒரு ஓடை வேற இருக்குன்னு சந்தோசப்பட்டியாம். அந்த ஓடைக்கு நீயும் ஒரு பக்கத்து வீட்டுக்காரன்தான், அது வரும்போது ஞாபகம் வச்சுக்கும்.

சரி, பழசு போகட்டும். இப்ப நகருதான்னு எப்படிப் பாக்குறது? ரோட்டோரத்து மரத்தப் பாரு. அடிமரம் வளைஞ்சு, மேல போகப் போக நேரா நிமிந்திருந்தா, கீழ மண்ணு பைய நகருது, மரம் ஒவ்வொரு வருசமும் நிமிரப் பாத்திருக்குன்னு அர்த்தம். ஒரு மரம் வளைஞ்சா அது மரத்தோட கிறுக்கு. வரிசையா நாப்பது மரம் ஒரே பக்கம் வளைஞ்சா அது மண்ணோட கிறுக்கு. கரண்டு கம்பம் சாஞ்சு, ஒரு பக்கத்துக் கம்பி விறைப்பாவும் மறுபக்கத்துக் கம்பி தொங்கியும் கெடக்குதா? மின்வாரியத்தத் திட்டுறதுக்கு முன்னாடி தரையப் பாரு. வீட்டுக் கதவு திடீர்னு நிலையில சிக்குதா? ஆசாரியக் கூப்புடுறதுக்கு முன்னாடி சுவத்தப் பாரு.

விரிசலு இருந்தா அதுதான் மலை எழுதிக் குடுக்குற நோட்டீசு. நம்ம மாவட்டத்துலயே நடந்துச்சே. 2024 செப்டம்பர், மேல்மலையில கிளாவரை. ஊருக்குத் தண்ணி வரல. ஏன் வரலன்னு பாக்கக் காட்டுக்குள்ள போனா, செருப்பன் ஓடைப் பக்கம் நெலம் 300 அடி நீளத்துக்குப் பொளந்து கெடக்கு. வயநாடு நடந்து ரெண்டு மாசங்கூட ஆகல, ஊரே கெதிகலங்கிப் போச்சு. அதிகாரிங்க ஓடுனாக, மண்ணு பாக்குற விஞ்ஞானிங்க ஏறுனாக. அதுல ஒரு சங்கதியக் கவனி: மொத சேதி குடுத்தது சேட்டிலைட்டு இல்ல, வராமப் போன குழாய்த் தண்ணி. வத்தாத ஊத்து வத்துனாலும், இல்லாத எடத்துல புதுசா ஊத்து பொறந்தாலும், தெளிஞ்ச ஓடை திடீர்னு கலங்குனாலும் மண்ணுக்குள்ள ஏதோ எடம் மாறிருச்சுன்னு அர்த்தம். கொட்டுற மழையில ஓடை திடீர்னு சத்தமில்லாமப் போச்சுன்னா இன்னும் மோசம். மேல எங்கயோ அடைச்சுக்கிச்சு, அது ஒடையும்போது நீ அங்க இருக்கக் கூடாது.

விரிசல அளக்குறதுக்கு லட்ச ரூவா மிசினு வேணும்னு இல்ல. ரெண்டு பக்கமும் ரெண்டு முளக்குச்சி அடி, நடுவுல டேப்ப வச்சு அள, தேதியப் போட்டு எழுது. சுவத்துல விரிசல்னா குறுக்க ஒரு கண்ணாடிச் சில்லைச் சிமிட்டி வச்சு ஒட்டிவிடு. அசஞ்சா கண்ணாடி தெறிச்சிரும், பொய் சொல்லத் தெரியாது அதுக்கு. எங்க ஆபீசரு ஒருத்தரு ரோட்டோரத் தடுப்புச் சுவத்துல இப்படி ஒட்டி வச்சுட்டு, அந்த வழியாப் போறப்பல்லாம் ஜீப்ப நிப்பாட்டச் சொல்லி எறங்கிப் பாப்பாரு. எனக்கு அப்ப அது பைத்தியக்காரத்தனமாத் தெரிஞ்சுச்சு. மொத்தம் எவ்வளவு விரிஞ்சுருக்குங்கிறத விட, வேகம் கூடுதாங்கிறதுதான் கேள்வி. நேத்து ஒரு மில்லி, இன்னைக்கு ரெண்டு, நாளைக்கு அஞ்சுன்னா அளக்குறத நிப்பாட்டிட்டுப் பிள்ளைகுட்டியக் கூட்டிக்கிட்டு எறங்கிரணும். ஜப்பான்ல சைட்டோன்னு ஒருத்தரு 1960-கள்லயே இந்த வேகக் கணக்க வச்சு, மலை எப்ப விழும்னு நேரம் குறிக்கிற வழியக் காட்டிட்டாரு. மண்ணுக்குள்ள குழாய் எறக்கி, எந்த ஆழத்துல வளையுதுன்னு பாக்குற கருவி இருக்கு. உள்ள தண்ணி எவ்வளவு அழுத்தமா நிக்குதுன்னு பாக்குறதுக்கும் இருக்கு. ஆழம் தெரிஞ்சாத்தான் எவ்வளவு மண்ணு வரப்போகுதுன்னு தெரியும்.

வர்றதுலயும் தினுசு இருக்கு. கல்லு தனியாப் பிச்சு விழுறது ஒண்ணு, நிமிந்து நிக்கிற பாறை கவுந்து விழுறது ஒண்ணு, மண்ணு முழுசா வழுக்குறது ஒண்ணு, பக்கவாட்டுல விரியிறது ஒண்ணு, சேறும் கல்லுமாக் கரைஞ்சு ஓடுறது ஒண்ணு. வேகமும் அப்படித்தான். வருசத்துக்கு 16 மில்லிமீட்டர் கூட நகராத மகாசோம்பேறியும் இருக்கு, நொடிக்கு 5 மீட்டருக்கு மேல பாயுறதும் இருக்கு. மொத ஆளுகிட்ட நீ வீட்டக் கட்டி, வாடகைக்கு விட்டு, சுவரு வெடிக்க வெடிக்கப் பூசிப் பூசி வாழ்ந்துரலாம். ரெண்டாவது ஆளுகிட்ட செருப்ப மாட்டக்கூட நேரமிருக்காது. உன் எடத்துல எந்த ஆளுன்னு தெரியாம நீ டைல்ஸ் கலரு பாத்துக்கிட்டு இருக்க.

மார்க்கு போடுறதுக்கும் ஒரு முறை இருக்கு, அதுவும் தமிழ்ப் பேருக்காரரு போட்டது. ரூர்க்கியில இருந்த பேராசிரியர் அன்பழகன் 1992-ல எழுதுனாரு; 1998-ல இந்திய தர நிர்ணயக்காரங்க அத வச்சே விதிமுறை போட்டாக. மொத்தம் பத்து மார்க்கு. பாறை என்ன ரகம், எவ்வளவு மக்கியிருக்குங்கிறதுக்கு 2. பாறையில இருக்கிற வெடிப்பு எந்தப் பக்கம் சாஞ்சிருக்குங்கிறதுக்கு 2. சரிவு பாக்குற பக்கமே வெடிப்பும் சாஞ்சிருந்தா தொலஞ்ச. செங்குத்துக்கு 2, மேல என்ன பயிரு, என்ன காடுங்கிறதுக்கு 2, ஒசர வித்தியாசத்துக்கு 1, தண்ணிக்கு 1. இங்க மட்டும் மார்க்கு கம்மியா வாங்குறவன்தான் கெட்டிக்காரன். ஏழரைக்கு மேல போனா மகா ஆபத்து. ஏழரைங்கிறதப் பாத்துச் சிரிக்காத, நானா வச்ச கணக்கு இல்ல. அடர்ந்த காட்டுக்கு ஒண்ணுக்கும் கீழ, மொட்ட நெலத்துக்கு முழுசா 2. நீ மரத்த வெட்டி எடத்தச் சுத்தம் பண்ணுன அன்னைக்கே ஒரு மார்க்குக்கு மேல ஏத்திக்கிற.

மேப்பும் இருக்கு. இந்திய புவியியல் ஆய்வுத் துறை மலைநாடு பூராத்துக்கும் சரியக்கூடிய எடமெல்லாம் கலர் அடிச்சு வச்சிருக்கு, பூசங்கேத்துன்னு இணையத்துல போட்டிருக்காக. போன்லயே பாக்கலாம். பாத்துட்டு, நம்ம எடத்துல செவப்பு இல்லன்னு துள்ளிராத. அது ஐம்பதாயிரத்துல ஒரு பங்கா வரைஞ்ச மேப்பு. உன் பத்து சென்டு, ஒரு பக்கம் 20 மீட்டர்னு வச்சுக்க. அந்த மேப்புல அது அரை மில்லிகூட வராது. பென்சில் முனையே அதவிடப் பெருசு. அந்த மேப்பு உன்ன எங்க போயி விசாரிக்கணும்னு சொல்லும். விசாரிக்கிறது உன் சோலி. மண்ணு பாக்குறவரக் கூட்டிக்கிட்டுப் போயி உன் சரிவ மட்டும் தனியா ஆராயச் சொல்லு. அதுக்கு ஆகுற செலவு, நீ கிரகப்பிரவேசத்துக்குப் போடப்போற பிரியாணிச் செலவுல அடங்கிரும்.

இப்ப மேலருந்தும் பாக்குறாக. வயநாடு நடந்து சரியா ஒரு வருசம், 2025 ஜூலை 30, ஸ்ரீஹரிகோட்டாவுலருந்து நைசார்னு ஒரு சேட்டிலைட்ட ஏத்துனாக. இஸ்ரோவும் நாசாவும் சேந்து செஞ்சது. 12 நாளைக்கு ஒருக்கா அதே எடத்த ரேடாரால தடவிப் பாக்கும். முன்னப் பாத்ததுக்கும் இப்பப் பாத்ததுக்கும் உள்ள வித்தியாசத்துல, தரை கொஞ்சூண்டு எறங்கியிருந்தாலும் காட்டிக் குடுத்துரும். அதுல ஒரு அலை 24 சென்டிமீட்டர் நீளம், எல தழையத் தாண்டி எறங்கும். இன்னொரு பக்கம் விமானத்துலருந்து லேசர் அடிச்சு, மரத்தையெல்லாம் கணக்குல கழிச்சுட்டு வெறும் மண்ணோட உருவத்த மட்டும் எடுக்குறாக. காட்டுக்குள்ள மறஞ்சிருக்கிற பழைய குடைவெல்லாம் அதுல பளிச்சுன்னு தெரியும். எல்லாம் பெரிய சங்கதிதான். ஆனா பைய நகருறதத்தான் சேட்டிலைட்டு புடிக்கும். ஒரே ராத்திரி மழையில கெளம்பி ஓடுறதுக்கு மழை அளக்குற பானைதான் காவல். 2009 நவம்பர் 10, நீலகிரி, கேத்தியில ஒரே நாள்ல 820 மில்லிமீட்டர்னு பதிவாச்சு. மலை பூராவும் சரிஞ்சு 40 பேருக்கு மேல பலி. அதுக்கப்புறம்தான் நீலகிரியில 283 எடம் ஆபத்துன்னு குறிச்சு வச்சு, மழைக்காலம் வந்தா அங்க ஆள நிறுத்துறாக. எத்தன நாள்ல எத்தன மில்லி பேஞ்சா எந்தச் சரிவு எழுந்திரிக்கும்னு கணக்குப் போட்டு, நீலகிரிக்கு முன்கூட்டியே சொல்ற ஏற்பாடும் நடக்குது.

சொன்னாக் கேக்கணுமே. இலங்கையில கொஸ்லாந்த, மீரியபெத்த தோட்டம், 2014 அக்டோபர் 29. மலையகத்துத் தமிழ்ச் சனம் லயத்தோட புதைஞ்சு போச்சு. அந்த எடம் ஆபத்துன்னு அந்த நாட்டுக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005-லயும் சொல்லுச்சு, 2011-லயும் சொல்லுச்சு. கண்டுபிடிச்சதுல ஒரு கொறையும் இல்ல. போறதுக்கு அந்தச் சனத்துக்கு வேற எடந்தான் ஒருத்தரும் காட்டல. உனக்கு அப்படியில்ல மாப்ளே. உனக்கு நாகல்நகர்ல வீடு இருக்கு.

மலையில வீடு கட்டுனாத்தானே வம்பு, நாம கீழ இருக்கோமேன்னு உங்க அப்பாரு சிரிக்கிறாராம். அவருகிட்டச் சொல்லு: 2024 டிசம்பர் 1, பெஞ்சல் புயல் மழை. திருவண்ணாமலை ஊருக்குள்ள, வ.உ.சி. நகர்ல, தீப மலைச் சரிவுல மண்ணும் பாறையும் எறங்கி ஒரு வீட்டுல ஏழு பேரு. அஞ்சு பேரு பிள்ளைங்க. அதுவும் சமவெளி ஊருதான். சிறுமலை அடிவாரத்துலயும் பழனி அடிவாரத்துலயும் வருசா வருசம் வீடு மேல ஏறிக்கிட்டே போகுதே, யாராச்சும் நிமிந்து பாத்தமா?

இத்தனைக்கும் மேல கட்டத்தான் போறேன்னா, அரைகுறையாக் கட்டாத. மாமன் சொல்றபடி முறையாக் கட்டு. மொதல்ல சரிவோட அடிய ஜேசிபி வச்சு நேரா வெட்டு. மலையத் தாங்கிக்கிட்டு இருக்கிறது அந்த அடிதான், அத எடுத்துட்டா மலைக்கு வசதியா இருக்கும். கொடைக்கானல்ல ஜேசிபிக்குத் தடைன்னா, ராத்திரியில கொண்டுவர்றதுக்குப் புரோக்கரே ஆளு வச்சிருப்பாரு. வெட்டுன மண்ண உச்சி ஓரத்துலயே கொட்டி மட்டம் பண்ணு, அதுமேல மூணு மாடி எழுப்பு. பாரம் மேல ஏற ஏற சீக்கிரம் சோலி முடியும். ஓடைய மூடி கார் பார்க்கிங் பண்ணு. செப்டிக் டேங்குத் தண்ணிய மண்ணுக்குள்ளயே விடு, வெயில் காலத்துலயும் மலை ஈரமா இருக்கணும்ல. முடிஞ்சா ஒரு நீச்சல்குளம். தடுப்புச் சுவரு கட்டுனா அதுல ஓட்ட வைக்காத, பாக்க அசிங்கமா இருக்கும். உள்ள நிக்கிற தண்ணி வெளிய போக வழியில்லாம, மொத நல்ல மழைக்கே சுவத்தையே தள்ளிக்கிட்டு வெளிய வரும். காசு குடுத்தாலும் கிடைக்காத காட்சி. போற வழியில ஓட்ட வச்ச சுவரு இருந்தா நின்னு பாரு: கொட்டுற மழையில அந்த ஓட்டையில தண்ணி சொட்டுனா சுவரு வேலை செய்யிது. சுவரு ஊறி நிக்க, ஓட்ட மட்டும் காஞ்சு கெடந்தா வண்டிய நிப்பாட்டாமப் போயிரு.

மலைப்பகுதிக்குன்னு 1990-லருந்தே ஹாக்கான்னு ஒரு குழு இருக்கு, அதுல வர்ற கிராமம்னா புவியியல் துறை, வனத்துறை, வேளாண் பொறியியல் துறைன்னு ஒவ்வொருத்தரா ஆட்சேபணை இல்லன்னு எழுதிக் குடுக்கணும். புரோக்கரு அதையெல்லாம் “பாத்துக்கலாம் சார்”னு சொல்லியிருப்பாரே? அந்தக் காகிதத்தக் கண்ணால பாக்காம கையெழுத்துப் போடாத. கொடைக்கானல் போறதுக்கு நம்மகிட்ட இ-பாஸ் கேக்குறாக மாப்ளே. கீழ எறங்குற பாறைகிட்டக் கேக்க ஆளில்ல.

அட்வான்ஸ் இன்னும் குடுக்கலைன்னு அக்கா சொன்னா. குடுக்காத. ஐப்பசி வரட்டும். மூணு நாளு விடாமப் பேஞ்ச மறுநாள் வெள்ளனாக் கெளம்பு, வத்தலக்குண்டுல டீயக் குடிச்சுட்டுப் போயி, உன் பத்து சென்டுல குடையோட நின்னு மேலயும் கீழயும் ஒரு மணி நேரம் பாரு. என்னையும் கூட்டிக்கிட்டுப் போ, ஜீப்பு நான் ஓட்டுறேன். புரோக்கரையும் கூப்புடு, அன்னைக்கு அவரு வர்றாரான்னு பாப்போம். அப்புறம், மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை நம்பரு 1077. போன்ல போட்டு வச்சுக்க.